உறைந்த புட்டி சிவக்கவில்லை

அவள் பத்தாம் வகுப்பை இரண்டாம் முயற்சியில் தேறினாள். மழைநீர்ச் சோதனைக்கூடத்தில் புட்டி கழுவச் சேர்ந்து நான்கே ஆண்டில் சோதனை மேசைக்கு வந்தாள். அந்த மேசைக்கு உயரம் போதாது என்றவர்களிடமே ஒரு முக்காலி கேட்டு வாங்கினாள்.

கிடைக்காதது பதிவேட்டில் 'சோதித்தவர்' என்ற கட்டம்தான். சோதிப்பது அவள், கையெழுத்து அதிகாரியுடையது. குளிர்பெட்டி பழுதுபார்க்கும் அண்ணனுக்கு இதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

போதாக்குறைக்கு இரண்டு ஆண்டுகளாக ஒரு திட்டு. அன்றே சோதிக்க முடியாத மழைநீரை உறைய வைப்பது அங்கே வழக்கம். மறுநாள் உருக்கி மருந்து விட்டால், நைட்ரைட் இருக்கும் நீர் இளஞ்சிவப்பாகும். உறையாத புட்டி சிவக்கும். அதே மழையில் பிடித்து உறைய வைத்த புட்டி வெளுத்தே கிடக்கும்.

"நீ சரியாக் கழுவல" என்பார் அதிகாரி. "ஐஸ்னா தூங்குற தண்ணி. அதுக்குள்ள என்னம்மா நடக்கும்?"

"தூங்கலண்ணே" என்று வீட்டில் பொருமுவாள். "ஐஸ் கட்டும்போது கலந்திருக்கிற எதையும் உள்ள சேர்க்காது, ஓரத்துக்குத் தள்ளிடும். மேல்பரப்புலயும் இடுக்குலயும் மெல்லிசா ஈரம் மட்டும் மிஞ்சும். அமிலம், காத்து, நைட்ரைட் எல்லாம் அதுக்குள்ள நெருக்கியடிச்சு நிக்கும். காலி பஸ்ல சண்டை வருமா? கூட்டத்துலதானே வரும்! தண்ணில நாள்கணக்கா ஆகுறது அங்க நிமிஷத்துல முடிஞ்சிடுது. நைட்ரைட் வேற ஒண்ணா மாறிடுது."

"இதை அவர்கிட்டச் சொன்னியா?"

"ஆறு தடவை. புட்டி கழுவ வந்தவ பாடம் எடுக்கிறியாங்கிறார்."

கடைசியில் அதிகாரி குளிர்பெட்டி மேல் பழி போட்டார். பழுது பார்க்க வந்தவன் அண்ணன். தங்கை பக்கம் திரும்பாமல், சாயங்காலம் வரை மணிக்கொரு முறை வெப்பநிலையைக் குறித்தான். அன்று மாலை அதிகாரி தன் கையாலேயே ஒரே மழைநீரை இரண்டு புட்டிகளில் ஊற்றி, மூடிகளில் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். ஒன்றை உறைய வைத்தார், மற்றதை உறையாத தட்டில் வைத்தார்.

காலையில் அண்ணனும் வந்தபோது காகிதம் கிழியாமல் இருந்தது. உறையாதது சிவந்தது. உறைந்தது சிவக்கவே இல்லை.

"பெட்டி எப்படிப்பா?"

"கல்லு மாதிரி இருக்கு சார். உங்க கையெழுத்தும் அப்படியே இருக்கு."

அதிகாரி பதிவேட்டை அவள் பக்கம் தள்ளினார்.

"இதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ சொன்னதுதானே, நீயே போட்டுக்கோ."

உறைய வைக்கும் வழக்கம் அதற்குப் பின்னும் மாறவில்லை. அண்ணனுக்கு இன்றும் வயிறெரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்தின் 'சோதித்தவர்' கட்டத்தில் அவள் பெயர் முழுதாக இருக்கிறது. வெப்பநிலை குறித்த தாளின் அடியில், அவள் கையெழுத்துப் போட்ட தேதியை அவன் எழுதி வைத்திருக்கிறான்: 2014 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.