வழிசல் விழுந்த கதவு

அந்தத் தெருவில் அவளைப் பல்செட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் பட்டறையில் பதினாறு வருஷ வேலை. நாக்கில் இடறாதபடி ராவி வழவழப்பாக்குவதில் கை தேர்ந்தவள். வீட்டிலும் அந்தக் கைக்கு ஓய்வில்லை. கூடவே இருந்த தம்பி லாரி டிரைவர். கோபம் வந்தால் அவளை அடிப்பான், அவள் சிக்காவிட்டால் கதவை உதைப்பான். அவன் உடைத்ததற்கெல்லாம் அவள் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடிப்பாள். அப்பா அம்மா போனதிலிருந்து ஏழு வருஷமாக இதே கதை. "வீட்டை எப்பவும் புதுசா வச்சிருக்கீங்க" என்பார் பக்கத்து வீட்டு வாட்ச் ரிப்பேர்காரர். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அறைக் கதவுக்கு வெள்ளை அடித்தாள். அவசரத்தில் பிரஷில் பெயிண்ட் கூடிப்போயிற்று. சமையலறைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் நாலு இடத்தில் வழிந்து இறங்கியிருந்தது. ஓரத்தில் விரல் நுனியை வைத்தாள். ஏடு கட்டத் தொடங்கியிருந்தது. ஈரத்திலேயே கவனித்திருந்தால் பிரஷால் நீவி விட்டிருக்கலாம். இப்போது கைவைத்தால் இன்னும் கெட்டுப்போகும். இறுகியபிறகு தேய்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

மத்தியானம் தம்பி வந்தான். முதலாளியிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்ட முகம்.

"என்னக்கா, கதவுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்றபடி பிரஷை எடுத்தான்.

"தொடாத. காயட்டும்."

"எனக்கே சொல்லித்தர்றியா நீ?"

அவன் இழுத்த இழுப்பில் ஏடு கிழிந்து சுருண்டது. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அடுத்து கொண்டையைப் பிடித்து அவள் முகத்தைக் கதவில் மோதினான். மறுபடியும் மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் வெள்ளையில் கோடாக இறங்கியது.

"இப்ப இதையும் தேய்" என்றான்.

முழங்கையால் அவன் வயிற்றில் ஓங்கி இடித்துவிட்டு அறைக்குள் பாய்ந்தாள். கதவைச் சாத்தப் போனபோது அவன் கை நிலையைப் பற்றியது. நாலு விரல்கள். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் தோளைக் கொடுத்துச் சாத்தினாள். பட்டறையில் பிளாஸ்டர் அச்சு உடையும்போது வருகிற அதே சத்தம் கேட்டது. திறந்து, இன்னொரு தடவை சாத்தினாள்.

அவன் அலறிக்கொண்டே உதைத்தான். மூன்றாவது உதையில் கீழ்ப்பலகை பிளந்து கால் உள்ளே வந்தது. பெயிண்ட் டப்பா மூடியைத் தட்டி மூடிவிட்டுக் காலடியில் போட்டிருந்த சுத்தியலை எடுத்து அவன் முழங்காலுக்குக் கீழே ஓங்கிப் போட்டாள். கால் வெளியே போன பிறகும் வெறும் பலகையை அடித்துக்கொண்டிருந்தாள். வாட்ச் ரிப்பேர்காரர் ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போனது அவளுக்குத் தெரியவே இல்லை.

"போதும்மா, அவன் போயிட்டான்" என்று அவர் வெளியிலிருந்து சொன்னபோதுதான் கை நின்றது.

ஆஸ்பத்திரியில் அவன், லாரிக் கதவு நசுக்கிவிட்டது என்று சொன்னானாம். அங்கிருந்து நேராக லாரி ஷெட்டுக்கே குடிபோய்விட்டான்.

நாலு நாள் கதவைக் காயவிட்டாள். பெயிண்டில் அவள் முடி ஒட்டியிருந்தது, அவன் விரல் இழுபட்ட தடம் இருந்தது. பிளேடால் சீவி, தண்ணீர் தொட்ட உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, உடைந்த பலகைக்கு வேறு பலகை பொருத்தினாள். பிரஷைப் பாதி மட்டும் தோய்த்து, மெல்லிசாக இரண்டு பூச்சு கொடுத்தாள். தேய்க்கும்போது ஒருமுறை அந்த நொறுங்கிய சத்தம் நினைவு வந்து, வாசற்படியில் போய் உட்கார்ந்து அழுதாள்.

மூன்றாவது வாரம் கையில் கட்டோடு வந்தான்.

"நான் இங்க வரலாமாக்கா?"

"உன் துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்கேன். எடுத்துட்டுப் போ."

வாசலிலேயே நின்று பையை வாங்கிக்கொண்டு போனான். அவனுக்கு இரண்டு விரல் இன்னும் முழுசாக மடங்காது. எப்போதாவது போன் செய்வான். அவளும் எடுத்துப் பேசுவாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள். வா என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.