பிப்ரவரிக்கு நான் கூட்டிய ஒரு நாள்

எஸ்டேட் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள், செக்ரோல் எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைப்பார்கள். எந்தத் தேதியில் யார் வேலைக்கு வந்தார்கள் என்று கட்டத்தில் குறிக்கிற புத்தகம், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தை வைத்து ஒரு பெண்ணின் நிலத்தையே நான் போக்கடிக்க இருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது வருஷம். போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. மலையில் எங்களுக்கு மூன்று வருஷப் பிறப்பு. துரைக்கு ஜனவரி, எங்களுக்குச் சித்திரை, மரம் அறுக்க வந்த மலையாளத்து ஆட்களுக்கு நம் ஆவணியில் வரும் சிங்க மாதம். அந்த ஜனவரியில் துரை லீவில் சென்னைக்குப் போயிருந்தார். அச்சடித்த காலண்டர் அவருடைய பங்களாவுக்குள் பூட்டிக் கிடந்தது.

அது இல்லாவிட்டால் என்ன என்று நானே புது வருஷத்து செக்ரோலுக்குக் கோடு போட உட்கார்ந்தேன். நாலு வருஷத்துக்கு ஒருமுறை பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். இந்த வருஷம் நாலில் மீதியில்லாமல் வகுபட்டது. ஒரே நாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் தேதி எழுதி முடித்தேன். வருஷத்தையே மேஜைக்குள் போட்டுப் பூட்டிவிட்ட மிதப்பு எனக்கு.

மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் காலையில் வீராயி வந்து நின்றாள். தோட்டத்தில் ஏலச்செடியின் காய்ந்த தட்டைகளை வெட்டுகிறவள், புருஷனை இழந்தவள். குரங்கணிக்குக் கீழே அவளுக்கு இருந்த ஒரு துண்டு வயலைக் கொழுந்தன் தன்னுடையது என்று மனுக் கொடுத்திருந்தான். மார்ச் ஒன்பதாம் தேதி பெரியகுளம் கச்சேரியில் விசாரணை. கூப்பிடும்போது அவள் அங்கே இல்லையென்றால் வயல் போய்விடும்.

"அய்யா, நாளன்னைக்கு வாய்தா. இன்னைக்கே எறங்கணும்."

"நாளன்னைக்கு எட்டுதான். உனக்கு ஒம்பது. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் சோலியப் பாத்துட்டுப் போ."

"அமாவாசைக்கு எட்டாம் நாளுன்னு வக்கீல் குமாஸ்தா சொன்னாரு. நான் எண்ணிக்கிட்டுத்தான் வர்றேன்."

"நிலாவப் பாத்தா கச்சேரி நடக்குது? புஸ்தகத்துல இருக்கு பாரு."

பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அரிவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனாள்.

உச்சிப்பொழுதில் எங்கள் தபால்காரர் சின்னச்சாமி போடியிலிருந்து ஏறி வந்தார். முந்தின நாளே போடியில் வாங்கிய கடிதங்களில் மார்ச் ஆறு என்று முத்திரை. என் புத்தகப்படி அன்றைக்குத்தான் ஆறு.

"என்ன அண்ணே, இன்னைக்கு முத்திரைய நேத்தே குத்திக் குடுத்துட்டாரா உங்க போஸ்ட்மாஸ்டரு? தூக்கக் கலக்கமா?"

"அவரு சரியாத்தான் இருக்காரு. நேத்து ஆறு, இன்னைக்கு ஏழு. இந்த வருசம் பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாளுதானாம். நூறு வருசத்துக்கு ஒருக்கா அப்பிடி வருமாம். அமாவாசையன்னைக்கே மார்ச்சு பொறந்துருச்சு."

புத்தகத்தைப் புரட்டினேன். அமாவாசைக்கு நேரே பிப்ரவரி இருபத்தொன்பது என்று என் கையெழுத்து அழகாக இருந்தது.

காட்டுக்குள் ஓடினேன். வீராயியோடு நாற்பது ஆட்கள் வேலையில் இருந்தார்கள். எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். தப்பு என்னுடையது என்று சொல்லத்தான் போனேன், வாய் வரவில்லை.

"சரி, நீ இன்னைக்கே போ. லீவு குடுத்தாச்சு" என்றேன்.

"நல்லா இருப்பீக அய்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தாள். அவள் இன்னும் என் தேதியைத்தான் நம்பிக்கொண்டிருப்பாளோ என்று அந்த நாலு நாளும் நினைத்துக்கொண்டே இருந்தேன். வயல் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வயலு எங்கிட்டயே நின்னுருச்சு அய்யா. ஒரு நா கூடுதலா இருக்குன்னு நீங்க சொன்னீகல்ல, அதான் வியாழக்கெழம போடியில அக்கா வீட்டுல தங்கி, அவளுக்கு மொளகா இடிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். பொழுது சாயப் பாத்தா, அரை நிலா நிக்குது. விடிஞ்சா எட்டாம் நாளாச்சேன்னு எனக்குப் பகீர்னுச்சு. ராத்திரியே பருத்தி வண்டி ஒண்ணப் புடிச்சுப் போய் காலையில கச்சேரியில எறங்குறேன், மூணாந் தடவையா எம்பேரக் கூப்புடுறாக."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "தேதி தப்புனது நான்தான், வீராயி. நீ கெளம்புறப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லலையா? சொல்லியிருந்தா நான் அக்கா வீட்டுல ஒக்காந்துருக்க மாட்டேன்ல அய்யா."

கோபமாகக்கூட அவள் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு இருபது வருஷம் செக்ரோல் எழுதினேன். வருஷம், மாதம், தேதி எல்லாம் மனிதர்கள் போட்ட கோடு. கோடு யாருக்கும் கோணும். தேதி தப்பிவிட்டது என்று தெரிந்தால் புத்தகத்தைத் திருத்துவது பிறகு இருக்கட்டும். அந்தத் தேதியை நம்பிக் கிளம்பியவரிடம் முதலில் ஓடிப்போய்ச் சொல்லுங்கள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் சொல்லுங்கள்.