பாஸ் ஆகாத நிறம்

நான் பனியன் கம்பெனி ஒன்றில் ஷிப்மென்ட் பேப்பர் பார்க்கிறவன். புரோகிராம் எழுதுவது என் தொழில் இல்லை. சிலருக்குச் சீட்டு, சிலருக்குக் கிரிக்கெட், எனக்கு இது. யாரும் கேட்காத சின்னச் சின்ன புரோகிராம்களை ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுவேன், நானே ஓட்டிப் பார்ப்பேன், நானே மெச்சிக்கொள்வேன். என் மனைவிக்கு இதில் தீராத கிண்டல். ஒன்றுக்கும் ஆகாத வேலை என்றால் எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள்.

அவள் ஒரு டையிங் ஆலையின் லேபில் ஷேடு பார்த்தாள். துணி வாங்கும் பையர் அனுப்பிய துண்டையும் லேபில் சாயத்தில் முக்கியெடுத்த துண்டையும் லைட் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்ப்பது அவள் வேலை. பார்ப்பாள், கண்ணுக்கு ஓய்வாகத் தன் உள்ளங்கையைப் பார்ப்பாள், மறுபடி துணியைப் பார்ப்பாள். பிறகுதான் வாயைத் திறப்பாள். ஒன்று "பாஸ்" என்பாள், இல்லை என்ன குறை என்று ஒரு வரி சொல்லுவாள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு டையிங் மாஸ்டர் சாயத்தைத் திருத்தி மறுபடி முக்கி அனுப்புவார். அவள் பாஸ் என்று சொல்லும்வரை டன் கணக்கில் துணி காத்துக் கிடக்கும்.

பொங்கலூர்ப் பக்கம் நாங்கள் வீடு கட்டினோம். முன்சுவர் தட்டைப்பயறு நிறத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. வெறும் கிரீம் இல்லை, பழுப்பும் இல்லை, தட்டைப்பயறு. பெயின்ட் கடை கேட்லாக்கை முழுக்கப் புரட்டிவிட்டு, இதில் ஒன்றுகூடப் பயறு இல்லை என்று மூடி வைத்துவிட்டாள். மேஸ்திரி கேட்டால், "பொறுங்க, நான் சொல்றேன்" என்பாள். சுவர் வெள்ளை பிரைமரோடு நின்றது.

எனக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பட்டைகள். நகர்த்த நகர்த்தத் திரை முழுக்க அந்த நிறமாகிவிடும். மூடும்போது கடைசி நிறத்தின் மூன்று எண்களை ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைக்கும். கம்ப்யூட்டர் தன் பழக்கவழக்கங்களையெல்லாம் போட்டு வைத்துக்கொள்ளும் இடம் அது. அதற்குள் கையை விட எனக்கு முதலில் பயம்தான். எனக்கென்று ஒரு மூலையை உண்டாக்கி அதில் எழுதி, மறுபடி திறந்ததும் அதே நிறம் வந்து நின்றபோது வந்த கர்வம் கொஞ்சநஞ்சம் இல்லை. நான் சும்மா சோதித்துப் பார்க்க வேறு வழி வைத்திருந்தேன். கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில் புரோகிராமின் பெயரையும் பக்கத்தில் மூன்று எண்களையும் அடித்தால் அந்த நிறத்தோடு திறக்கும், மூடும்போது எதையும் எழுதாது. வெறுமனே திறந்தால் அவளுடைய நிறம், எண் கொடுத்துத் திறந்தால் என்னுடையது. ஒன்று மற்றதைத் தொடாது.

திரையில் தெரிகிறதெல்லாம் நிறமா என்று கேட்டாள். ஆனாலும் ஞாயிறு காலையில், ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது மட்டும் உட்கார்ந்து பட்டைகளை நகர்த்துவாள். ஒரு வாரம் நெருங்கி வந்துவிட்டது. எனக்கு அதுவே பயறு மாதிரித்தான் இருந்தது. அவள் உள்ளங்கையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"லேசா பச்ச அடிக்குதுங்க. இது பாஸ் ஆகாது" என்று மூடிவிட்டு எழுந்து போனாள்.

அடுத்த ஞாயிறு நான் குடியிருந்த வாடகை வீட்டு வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். கன்டெய்னர் கிளம்பாத தலைவலி. உள்ளே இருந்து அவள் குரல் வந்தது.

"ஏனுங்க, கெடச்சிருச்சுங்க. வந்து பாருங்க."

வருகிறேன் என்று கையைக் காட்டினேன். அவள் மறுபடி கூப்பிடவில்லை. நாற்காலி சாயும் சத்தம்தான் கேட்டது. ஓடிப் போய்த் தூக்கினேன். தலை வலிக்கிறது என்றாள், அதற்குப் பிறகு பேச்சில்லை. ஆம்புலன்ஸ் வந்தது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். திரை என் பக்கவாட்டில் எங்கேயோ இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் முடியாது, அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அவள் கடைசியாகப் பார்த்த நிறத்தையாவது பார்ப்போம் என்று மேசைக்குப் போனேன். கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அவளுடைய அண்ணன், என் மச்சான், கூடத்தில் உட்கார்ந்திருந்தார். யார் அணைத்தது என்று கேட்டேன்.

"நாந்தானுங்க மாப்ள. ஆஸ்பத்திரிக்கு எல்லாருமு கெளம்பறப்ப ஊட்டப் பூட்டோணுமல்லங்க, மெயின ஆஃப் பண்ணிட்டு வந்தன்."

ஆள் இல்லாத வீட்டில் யாரும் செய்வதைத்தான் அவர் செய்தார். நான் புரோகிராமைத் திறந்தேன். திரை நிறைய வந்து நின்றது முந்தின வாரத்து நிறம், லேசாகப் பச்சை அடித்த நிறம். நான் எழுதிய புரோகிராம் மூடும்போதுதான் எழுதும். அவள் மூடவில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டுவதற்காகத் திறந்தே வைத்திருந்தாள்.

ரெஜிஸ்ட்ரிக்குள் போய்த் தேடினேன். இல்லாததைத் தேடுகிறோம் என்று தெரிந்தே, எனக்குச் சம்பந்தமில்லாத மூலைகளிலும் தேடினேன். அங்கே இருந்தவை 214, 203, 166. அவள் தள்ளிவிட்டுப் போன எண்கள்.

பிறகு எனக்கு ஒரு வெறி வந்தது. தள்ளிய ஷேடு கையில் இருக்கிறது, என்ன குறை என்று அவள் சொன்ன வரியும் இருக்கிறது. டையிங் மாஸ்டருக்கு இது போதுமே, எனக்கு ஏன் போதாது? கறுப்புத் திரையைத் திறந்து எண்களை அடிக்க ஆரம்பித்தேன். பச்சையை ஒன்று குறைத்தேன், இரண்டு குறைத்தேன், சிவப்பை ஏற்றினேன், நீலத்தைத் தொட்டேன். சமையலறையிலிருந்து ஒரு கை தட்டைப்பயறை எடுத்துவந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பயறு ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் இருந்தது. அவளைப் போல உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு நிறமும் இதுதான் என்று தோன்றும், கொஞ்ச நேரத்தில் இதுவா என்று தோன்றும். மாஸ்டர் எத்தனை முறை வேண்டுமானாலும் முக்கி அனுப்பலாம், வாங்கிப் பார்க்க ஒரு ஆள் இருந்தால். அது உறைத்த அன்று மேசையில் தலையை வைத்து அழுதேன். பயறு தரையெல்லாம் சிதறியது. பொறுக்கவும் மனம் வரவில்லை.

மச்சான் நல்ல மனிதர். சுவர் எத்தனை நாளைக்கு வெள்ளையாக நிற்கும், பால் காய்ச்சி விட்டால் அவளுடைய ஆன்மாவும் ஆறும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் பெயின்ட் கடைக்குப் போனேன். நான் கண்டுபிடித்த எண்களில் எதையும் கொடுக்கவில்லை. அவற்றில் அவள் கை படவில்லை. ரெஜிஸ்ட்ரியில் இருந்த மூன்று எண்களைக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவாவது அவள் பார்த்த நிறம் அது ஒன்றுதான். கடையில் அதற்கு ஆக நெருக்கமாக வருவதைக் கலந்து கொடுத்தார்கள்.

பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லோரும் முன்சுவரின் முன்னால் ஒரு நிமிடம் நின்றார்கள். புள்ளைக்குக் கண்ணு எப்படி என்று பாருங்கள், கடைசியாக எடுத்த நிறம்கூட எவ்வளவு பொருத்தம் என்று மச்சான் வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். அவரிடம் போய் எதைச் சொல்வது?

மதியம் அவளோடு லேபில் பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த பெண் வந்தாள். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். சாப்பிடக் கூப்பிட்டேன், இருக்கட்டும் என்று சுவர்ப் பக்கம் போனாள். வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்தாள். குனிந்து தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"லேசா பச்ச அடிக்குல்லா அண்ணே" என்றாள் தயங்கியபடி. "அக்கா இத பாஸ் பண்ணிருக்க மாட்டாகளே."

"பண்ணலீங்க" என்றேன். இத்தனை நாளில் அதைக் கண்டுகொண்ட ஒரே ஆள் அவள்தான். சட்டென்று ஒரு நப்பாசை வந்தது. இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஆயிற்றே. "எவ்வளவு கொறச்சா சரியா வருமுங்க? உங்களுக்குத் தெரியுமுங்களா?"

அவள் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத அவுகதான அண்ணே சொல்லணும்" என்றாள்.