அடையாள அட்டையும் ஒரு பிறந்தநாள் பார்ட்டியும்

மகளுக்குப் பதினாறு வயது. ஹெவ்லொக் டவுனில் வகுப்புத் தோழியின் பிறந்தநாள் பார்ட்டி, பின்னேரம் நான்கிலிருந்து ஏழு வரை. அந்தப் பிள்ளையின் தாயோடு இரண்டு தரம் கதைத்துவிட்டுத்தான் போகலாம் என்றேன். ஆனாலும் காலையிலிருந்து என் மனம் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் லிஃப்ட் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பொடியங்களும் வருவார்களா, குடிக்க என்ன கொடுப்பார்கள் என்றெல்லாம் கேட்க நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"ஐசி எடுத்தனியா?"

"அம்மா, நான் பார்ட்டிக்குப் போறன். செக்பொயின்டுக்கு இல்லை."

நான் அவளுடைய வயதில் இருந்தபோது கொழும்பில் சண்டைக் காலம்; தமிழர் என்றால் எந்தத் தெருவிலும் மறித்துக் கேட்பார்கள். அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் நான் கடைக்குப் பாண் வாங்கக்கூடக் கீழே இறங்கியதில்லை. என் அம்மா இறங்கவிட்டதில்லை. சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும், பிள்ளையை வெளியே அனுப்பப் பயந்தால் எனக்கு அந்தக் கேள்விதான் வருகிறது.

இதையெல்லாம் அவளுக்குச் சொல்லவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் மேசை லாச்சியிலிருந்து அட்டையை எடுத்து, என் கண்முன்னே பைக்குள் போட்டாள்.

"இப்ப ஓகேயா? ஏழு மணிக்கு நீங்களே வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனா உள்ளுக்கு வந்திடாதேங்கோ."

"ஓம். வெளிய கேற்றடியில நிக்கிறன்," என்றேன்.