கதவை மூடியவள்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில், லைன் முடிகிற இடத்தில் பீஸ்களைச் சோதிக்கும் அக்கா ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி. கேஜ் என்கிற இரும்புக் குச்சியை ஒவ்வொரு பீஸிலும் ஒரே ஓட்டையில் மட்டும் விட்டுப் பார்ப்பார். நுழையாவிட்டால் பீஸ் சிவப்புப் பெட்டிக்குப் போய்விடும். மிச்சத்தைப் பார்க்கவே மாட்டார்.

எனக்கு உயிரான விண்வெளி நாவல் ஒன்று படமாக வந்தது. பார்த்த மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில், நாவலை மூன்று தடவை படித்தவன் என்ற மிதப்பில் படத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். கிரகம் அப்படியே இருக்கிறது, கப்பல் அப்படியே இருக்கிறது என்றேன்.

முன் சீட்டிலிருந்து அந்த அக்கா திரும்பினார்.

"கப்பல் கெளம்பசொல்ல, வெளிய நின்னு கதவ மூடுவாளே ஒரு பொம்பள, அவ வராளா?"

அவர் அந்த நாவலைப் படித்திருப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

"அப்படி யாரும் வரலக்கா. படத்துல கதவு தானா மூடிக்குது."

"அப்ப அத்த இன்னாத்துக்குப் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு காட்சிக்காக மொத்தப் படத்தையும் தள்ளுவதா என்று எனக்கு எரிச்சல். அப்படி ஒருத்தி நாவலில் இருந்ததாகவே நினைவில்லை. வீட்டுக்கு வந்து புரட்டினேன். இருந்தாள். நாலே வரி. வெளியிலிருந்துதான் கதவை மூட முடியும் என்பதால் கீழேயே நின்றுவிடுகிறாள். அவளுக்குப் பெயர்கூட இல்லை.

மூன்று தடவையும் நான் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.