பஸ் ஸ்டாப்புக்கு ஒரு கழிப்பறை

என் கணவர் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் நாங்கள் ஸ்ரீரங்கத்தில் குடியேறினோம். அதுவரை குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. அங்கே குழாய் உடைந்தாலும் விளக்கு எரியாவிட்டாலும் ஒரு போன் போதும், ஆள் வந்துவிடும். இங்கே எதற்கும் நாமேதான் போய்க் கேட்க வேண்டும். கேட்பதில் அவருக்கு ஆர்வம் அதிகம். வந்த கொஞ்ச நாளிலேயே குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆகிவிட்டார். நான் டவுனில் ஒரு அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். தினமும் பஸ்தான்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் முள் மண்டிக் கிடக்கும் மாநகராட்சி இடத்தில் ஒரு பூங்கா வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. சர்க்கரை வந்ததிலிருந்து டாக்டர் நடக்கச் சொல்கிறார். ரோட்டில் நடந்தால் ஆட்டோக்காரர்கள் திட்டுகிறார்கள். பட்ஜெட்டுக்கு முன்னால் வார்டில் கூட்டம் போட்டு, மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி அனுப்புவார்கள். அதில் பூங்காவை முதல் கோரிக்கையாக வைக்கச் சொல்லி வீடு வீடாகப் போய் வந்தார்.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஸ்டாப்பை ஒட்டிக் கீரை விற்கும் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து விடியும் முன்னே கிளம்பி வருகிறவள். கீரை வாங்கும்போது நாலு வார்த்தை பேசுவோமே தவிர, அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டு பாத்ரூமுக்கு வரலாமா? முடியலக்கா.”

வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வெளியே வந்தவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

“வேணாங்க்கா. குடிச்சா மறுபடி போகணும்ல. யாவாரம் முடியறவரைக்கும் தண்ணியே தொடமாட்டேன். போன மாசம் காய்ச்சல்ல படுத்துட்டேன். ஏம்மா தண்ணி குடிக்கறதில்லன்னு டாக்டரம்மா ஒரே சத்தம்” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் காலையில் எழுந்ததிலிருந்து அச்சகம் போய்ச் சேரும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. பஸ் எப்போது வருமோ, எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ என்ற பயம். அதை என் உடம்பின் பழக்கம் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் கூட்டம். கவுன்சிலர் அம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார். என் கணவர் பூங்காவைப் பற்றி நன்றாகவே பேசினார். கைதட்டல் ஓய்ந்ததும், “வேற யாராச்சும் பேசறீங்களா?” என்று கேட்டார்கள். கடைசி வரிசையில் இருந்த நான் கை தூக்கினேன். நான் வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்று நினைத்து, ‘சரி, போ’ என்று என் கணவர் தலையாட்டினார்.

மைக்கை என்னிடம் நீட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். “பஸ் ஸ்டாப்புல பொம்பளைங்களுக்கு ஒரு கழிப்பறை வேணுங்க. அதை முதல்ல எழுதுங்க.”

எங்கோ ஒரு சிரிப்புச் சத்தம். முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, “அங்க உக்காந்திருக்கறது வெளியூர் வியாபாரிங்க. அவங்களுக்கு நம்ம வார்டுல ஓட்டே இல்லையேம்மா?” என்றார்.

“அவங்க கீரை நம்ம வார்டு அடுப்புலதானே வேகுது? அவங்களை விடுங்க. எனக்கு இந்த வார்டுல ஓட்டு இருக்கு. பஸ்ஸுக்கு நிக்கணுமேன்னு காலையில நான் தண்ணியே குடிக்கறதில்ல.”

சொல்லும்போது என் கணவர் பக்கம் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு மாமி எழுந்தார். கோயில் கைங்கர்யக் குடும்பம். “அவ சொல்றது நிஜம். உத்ஸவத்துக்குப் பெருமாளைச் சேவிக்க வரவா எங்காத்துக் கதவைத் தட்டறா. எத்தனை பேருக்குத் திறந்துவிடுவேன்? அவாளுக்கு ஒரு எடம் பண்ணிக் குடுக்கறதும் கைங்கர்யந்தானே?”

முதல் கோரிக்கையாக ஒன்றைத்தான் எழுத முடியும் என்று சொல்லிவிட்டு, கவுன்சிலர் அம்மா கை தூக்கச் சொன்னார். பூங்காவுக்கு நிறையக் கைகள். கழிப்பறைக்கு முதலில் பின்வரிசைப் பெண்கள் மட்டும். திரும்பிப் பார்த்த சில ஆண்கள் தங்கள் வீட்டுப் பெண்களின் கைகளைக் கண்டு, மெல்ல மெல்லத் தாங்களும் தூக்கினார்கள். கொஞ்சம் வித்தியாசத்தில் கழிப்பறை முந்தியது. என் கணவர் பூங்காவுக்குக் கை தூக்கியதோடு சரி.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் அவர் கேட்டார். “எவ்வளவு நாளா இப்படி?”

“வேலைக்குப் போனதுலேருந்தே.”

“என்கிட்ட சொல்லலியே.”

“சொல்ற விஷயமாங்க அது?”

“மைக்குல சொல்லலாம், என்கிட்ட சொல்லக்கூடாதா?”

அவர் கோபப்படவில்லை, அடிபட்ட மாதிரி நின்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆனால் மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வார்டு அலுவலகத்துக்குக் கிளம்பியதும் அவர்தான். நான் யோசிக்காததையெல்லாம் கேட்டுவிட்டு வந்தார். தண்ணீர் எங்கிருந்து வரும், யார் கழுவுவார்கள், எத்தனை மணிக்கு மூடுவார்கள். “கட்டறது பெரிசில்லம்மா. கட்டிப் பூட்டிப் போட்டுட்டாங்கன்னா? மெஷினை வாங்கினா போதாது, ஓட்டவும் ஆள் வேணும்” என்றார். பட்ஜெட்டில் எங்கள் கோரிக்கை சேர்ந்துவிட்டது என்று தெரிந்த அன்று அவரே கேசரி கிளறினார். தனக்குச் சர்க்கரை என்பதை அன்று ஒரு வேளைக்கு மறந்துவிட்டார்.

கட்டி முடிக்கத் தாமதமானது. நடுவில் வேலை நின்றது, போய்க் கேட்டோம், மறுபடி தொடங்கியது. திறந்த அன்று கீரைக்காரப் பெண் கதவருகே நின்று எட்டிப் பார்த்தாள். சுத்தம் செய்ய வேலைக்கு வந்திருந்த அம்மா, “ஏன் நிக்கறே, உள்ள வா” என்று அதட்டினார். இப்போது அவள் கூடைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது. என் பையிலும்.

இந்த வருடக் கூட்டம் அடுத்த வாரம். எதிர்வீட்டு மாமி தெருவிளக்குகளைப் பற்றிப் பேசப் போகிறாராம். என் கணவர் பூங்காவை மறுபடி கையில் எடுத்திருக்கிறார்.

“இந்தத் தடவை எனக்குக் கை தூக்குவியா?”

“தூக்கறேன். மரத்தடியில நாலு பெஞ்சும் போடச் சொல்லுங்க. எல்லாரும் நடக்கவா வருவாங்க?”

“சரி” என்றார். தான் பேசப் போவதை என்னிடம் ஒருமுறை முழுவதும் பேசிக்காட்டினார். நன்றாகத்தான் இருந்தது.