கடல் தண்ணீரில் ஊறிய சப்பாத்துகள்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருகோணமலையில் நடந்தது இது. வெள்ளைக்காரர் துறைமுகத்துக் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போய் நாலைந்து வருடங்கள் ஆகியிருந்தன. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பகலில் துறைமுகப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர் வேலை, பின்னேரமானால் கடற்கரை மைதானத்தில் உதைபந்து. எங்கள் கழகத்துக்குப் பின்களத்தில் விளையாடியதோடு செயலாளரும் நான்தான். வேறு யாரும் ஆசைப்படாததால் என் தலையில் விழுந்த பதவி அது. ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த வருடம்தான் நாடு முழுவதற்குமாக ஓர் உதைபந்தாட்ட லீக்கை முதன்முறையாகத் தொடங்கினார்கள். அதுவரை எங்களுக்குப் போட்டி என்றால் கிண்ணியா, மூதூர், மிஞ்சிப்போனால் மட்டக்களப்பு. இப்போது கொழும்பு, கண்டி, காலி அணிகள் எங்கள் ஊருக்கு வரும், நாங்களும் அங்கெல்லாம் போவோம். ரயில் செலவைக்கூட அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். எங்கள் கழகத்துக்கு இடம் கிடைத்த செய்தி வந்த அன்று மைதானத்தில் யாரும் பந்தைத் தொடவே இல்லை. கதைத்துக் கதைத்தே பொழுது போய்விட்டது.

செய்தியோடு மூன்று பக்கச் சுற்றறிக்கை ஒன்றும் வந்தது. முதல் பக்கத்தை எல்லோர் முன்னாலும் நின்று வாசித்து, மொழிபெயர்த்துச் சொல்லி, கைதட்டலும் வாங்கிக்கொண்டு, மிச்சத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். பிறகு அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

முதல் ஆட்டம் மலைநாட்டுப் பட்டணம் ஒன்றில். விடிய விடிய ரயிலில் போய் இறங்கி, மைதானத்துக்குள் வரிசையாக நின்றோம். மத்தியஸ்தர் எங்கள் முகங்களைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தார். பதினொரு பேரும் வெறுங்கால். பிறந்ததிலிருந்து அப்படித்தான் விளையாடியிருக்கிறோம். சப்பாத்து இல்லாத யாரும் ஆட ஏலாது என்று சுற்றறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறதே, செயலாளர் வாசிக்கவில்லையா என்று கேட்டார். நான் பையிலிருந்து அதை எடுத்து அங்கேயே நின்று வாசித்தேன். இருந்தது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. இரண்டு ஆட்டங்களை ஆடாமல் விட்ட அணி லீக்கிலிருந்து நீக்கப்படும்.

ஆடாமலே திரும்பினோம். ரயில் பெட்டியில் என்னோடு யாரும் பேசவில்லை. கடைசியில் எங்கள் முன்கள வீரர் வாயைத் திறந்தார். அவர் பக்கத்துக் கடற்கரைக் கிராமமான சல்லியைச் சேர்ந்தவர், கடற்றொழில் செய்கிறவர், என்னைவிட நாலு வயது மூத்தவர்.

"மூண்டாம் பக்கத்தில வேற என்னவாம் கிடக்கு, செயலாளர்? எங்களுக்கு இரவைக்குச் சாப்பாடு இருக்கெண்டு ஏதும் போட்டிருக்கோ?"

பெட்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் அழுகை வந்தது. எங்கள் ஊருக்கு முதன்முதலாகக் கிடைத்த இடம், நான் பக்கத்தைத் திருப்பாததால் பாதி போய்விட்டது. இனி ஓர் ஆட்டம் தவறினால் முழுதும் போய்விடும்.

அடுத்த ஆட்டம் எங்கள் ஊரில், இரண்டு கிழமையில். பதினொரு சோடி உதைபந்துச் சப்பாத்துக்கு எங்கே போவது? ஊர்க் கடைகளில் கல்யாண மாப்பிள்ளை போடுகிற சப்பாத்துதான் இருந்தது. அப்போதுதான் கிண்ணியாவில் ஒரு வியாபாரி, கடற்படைக்காரர் போகும்போது ஏலத்தில் விட்ட சாமான்களை மொத்தமாக எடுத்தவர், தன் களஞ்சியத்தில் வெள்ளைக்கார மாலுமிகளின் விளையாட்டுச் சப்பாத்துகள் கிடக்கின்றன என்று ஆள் அனுப்பினார். ஓடினேன்.

"ரெண்டு சாக்கு கிடக்கு தம்பி. எலி கடிச்சதை விட்டுட்டு மத்ததை எடுத்துட்டுப் போங்க. நம்மட ஊர்ப் பேரைக் காப்பாத்துங்க, அது போதும்" என்றார் நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் அந்த வியாபாரி. ஒரு சதம் வாங்கவில்லை.

சப்பாத்துகள் கிடைத்துவிட்டன. ஆனால் வருடக்கணக்கில் களஞ்சியத்தில் கிடந்து மரக்கட்டையாகக் காய்ந்திருந்தன. கால் உள்ளே போனால் வெளியே வராது, வெளியே வந்தால் தோல் உரிந்துதான் வரும். போட்டுக்கொண்டு ஓடிப் பார்த்தவர்கள் எல்லாம் நொண்டினார்கள். என்ன செய்யலாம் என்று கேட்டேன். சல்லிக்காரருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. புதுக் கயிறு விறைப்பாக இருந்தால் என்ன செய்வோம்? கடல் தண்ணீரில் ஊறப்போடுவோம். பிறகு வெயிலில் காயவைத்துச் சுறா எண்ணெய் பூசினால் சொன்னபடி வளையும். வள்ளத்துக்கே பூசுகிற எண்ணெய், சப்பாத்துக்குக் காணாதா?

எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. ஒரு சோடியில் செய்து பார்ப்போம் என்று ஒருவர் சொன்னார். நேரமில்லை, எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடுங்கள் என்று கட்டளையிட்டவன் நான்தான். பதினொரு சோடியையும் கயிற்றில் கோத்து, வள்ளத்தில் கட்டி, மூன்று நாள் கடலில் ஊறவிட்டோம். பிறகு சல்லிக் கடற்கரையில் கருவாடு காய்கிற இடத்திலேயே பரப்பினோம். சல்லிக்காரரின் மனைவி மீனைப் புரட்டும்போது எங்கள் சப்பாத்துகளையும் புரட்டிவிட்டார். "இதுக்கும் உப்புப் போடோணுமோ?" என்று அவர் கேட்டதை ஊரே சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

சுறா எண்ணெய் பூசியபின் சப்பாத்துகள் உண்மையிலேயே வளைந்தன. நாற்றம்தான் தாங்க முடியவில்லை. பயிற்சிக்கு நாங்கள் போகும்போது எங்களுக்குப் பின்னால் நாலைந்து நாய்கள் வரும். ஆனால் சப்பாத்து காலைக் கடிக்கவில்லை, ஓட முடிந்தது. எனக்குப் பெரிய நிம்மதி.

ஆட்ட நாளும் வந்தது. எதிரணி தென்பகுதியிலிருந்து, பெரும்பாலும் சிங்கள ஆட்கள், ரயில் பட்டறைத் தொழிலாளர்கள். காலையில் வரவேண்டிய ரயிலில் வரவில்லை. தம்பலகாமத்துப் பக்கம் தண்டவாளத்தில் யானை அடிபட்டு ரயில் நின்றுவிட்டதாம். மத்தியானமும் வரவில்லை. எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் ஊறத் தொடங்கியது. எங்களை விதி காட்டித் திருப்பி அனுப்பினார்கள் அல்லவா, இப்போது நானும் காட்டுகிறேன். மத்தியஸ்தரிடம் போய், நாலு மணி என்றால் நாலு மணிதான், ஒரு நிமிடம் பிந்தினாலும் அவர்கள் ஆட்டத்தை விட்டதாகத்தான் எழுத வேண்டும் என்று சொல்லி, கையில் மணிக்கூட்டோடு நின்றேன்.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு ட்ரக்டர் மைதானத்துக்குள் வந்தது. பெட்டி நிறைய நெல் மூட்டை, அதற்கு மேல் எதிரணி. யாரோ தம்பலகாமத்து விவசாயி ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். தலை முழுக்கப் பதரும் புழுதியும். அவர்களுடைய தலைவர், முப்பது வயதிருக்கும், நேராக என்னிடம் வந்து, எல்லோரும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, தண்ணீர் குடித்து முகம் கழுவப் பத்து நிமிடம் தருவீர்களா என்று சைகையும் பேச்சுமாகக் கேட்டார். நான் மணிக்கூட்டைக் காட்டினேன். ஏலாது என்றேன்.

அவர் திரும்பிப் போனார். ட்ரக்டர் மறைவில் உடை மாற்றிக்கொண்டு நேரே களத்துக்கு வந்தார்கள்.

களைத்துப்போனவர்களுக்கு எதிராக நாங்கள் விளையாடினோம். பத்தாவது நிமிடமே சல்லிக்காரர் ஒரு கோல் போட்டார். கடற்கரை மதிலில் இருந்த சனம் ஆர்ப்பரித்தது. இடைவேளையில் அதே சல்லிக்காரர்தான் எங்கள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு எதிரணிப் பக்கம் போனார். திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"தண்ணி குடிக்கிறதுக்கும் விதி பாக்கிற ஆளா நீர்? வெக்கமா இல்லையே?"

நான் கேட்காத மாதிரி நின்றேன். முன்னணியில் இருந்தோம், அது எனக்குப் போதுமாக இருந்தது.

இரண்டாம் பாதியில்தான் கூத்து. அந்தக் காலத்துச் சப்பாத்தின் அடியில், வழுக்காமல் இருக்க, தோல் குமிழ்களை ஆணியால் அடித்திருப்பார்கள். கடல் தண்ணீர் மூன்று நாளில் அந்த ஆணிகளைத் தின்றுவிட்டிருந்தது. எண்ணெய் பூசியதால் மேலே பளபளப்பு, உள்ளே துரு. கடற்கரை மணலில் பயிற்சி செய்தபோது தெரியவில்லை. மைதானத்தின் கெட்டித் தரையில் குமிழ்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பிறகு அடித்தோல் வாயைப் பிளந்தது. முதலில் எங்கள் வலதுபக்க வீரர் வெளியே அனுப்பப்பட்டார். அடுத்து இன்னொருவர். சல்லிக்காரருக்கு இரண்டு சப்பாத்தும் ஒரேயடியாகப் பிளந்துவிட்டன. வெறுங்காலோடு களத்தில் நிற்க முடியாது, அந்தக் காலத்தில் மாற்று ஆளும் இறக்க முடியாது. நாலாவது ஆளும் போனபோது நாங்கள் ஏழு பேர்.

ஏழுக்குக் குறைந்தால் ஆட்டம் நிறுத்தப்படும். ஆடாமல் விட்டதாகவே எழுதப்படும். அதோடு லீக்கிலிருந்து நாங்கள் வெளியே. இப்போது சுற்றறிக்கை எனக்கு மனப்பாடம்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. பந்தை வெளியே அடிக்கக் காலை வீசினேன். பந்தைவிடத் தூரம் போனது என் அடித்தோல்தான். சனம் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டது. மத்தியஸ்தர் என்னிடம் வந்தார். அவர் கையில் மணிக்கூடு இருந்தது. வெளியே போங்கள் என்று சொல்ல அவருக்கே மனமில்லை போல, என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் என்னால் வந்தது, இரண்டு தரமும் என்னால் வந்தது என்பது மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது எதிரணித் தலைவர் எல்லைக்கோட்டைப் பார்த்துச் சிங்களத்தில் சத்தமாக ஏதோ சொன்னார். அங்கே அவர்களுடைய மேலதிக வீரர்கள் மூன்று பேர் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் தங்கள் சப்பாத்துகளைக் கழற்றினார்கள். தலைவர் போய் அவற்றை வாங்கிவந்து ஒரு சோடியை என் மடியில் போட்டார். மற்ற இரண்டையும் வெளியே நின்ற சல்லிக்காரரிடமும் இன்னொருவரிடமும் எறிந்தார். மத்தியஸ்தர் தயங்கினார். சப்பாத்து போட வேண்டும் என்றுதான் விதி, யாருடைய சப்பாத்து என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தலைவர் அவரிடம் கேட்டார். எழுதியிருக்கவில்லை. தலைவர் அந்தச் சுற்றறிக்கையை மூன்று பக்கமும் வாசித்திருந்தார்.

நான் நம்பாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா நின்றாலே அவர்களுக்கு வெற்றி. பத்து நிமிடத் தண்ணீருக்கு ஏலாது என்று சொன்னவன் நான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். என்ன நினைத்தாரோ, அரைகுறைத் தமிழில் சொன்னார்:

"நாங்க அவ்வளவு தூரம் வந்தது விளையாடத்தான். சும்மா ஜெயிச்சுப் போக இல்ல. சீக்கிரம் கட்டுங்க."

கட்டினேன். சிறிய சப்பாத்து, விரல்களை மடக்கித்தான் போட வேண்டியிருந்தது. அவசரத்தில் முடிச்சு வரவில்லை. அவரே குனிந்து ஒரு காலுக்குக் கட்டிவிட்டார். ஒன்பது பேராகத் திரும்பவும் ஆடத் தொடங்கினோம்.

மிச்ச நிமிடங்களில் அவர்கள் இரண்டு கோல் போட்டார்கள். இரண்டாவதை அந்தத் தலைவரே போட்டார், அதுவும் என்னைத் தாண்டிப் போய். இரவல் சப்பாத்தோடு அவரைத் துரத்தினேன், பிடிக்க முடியவில்லை. ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். ஊதல் சத்தம் கேட்டபோது சல்லிக்காரர் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆட்டம் முடிந்துவிட்டது, கைவிடப்படவில்லை, நாங்கள் லீக்கில் இருக்கிறோம். மதிலில் இருந்த சனம் தோல்விக்குக் கைதட்டியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

சப்பாத்துகளைத் துடைத்து எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் சிங்களத்தில் இரண்டு வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். அவர் ஒன்றை வாங்கி முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, வாய்விட்டுச் சிரித்தார். சுறா எண்ணெய் என் காலிலிருந்து அதற்கும் ஏறியிருந்தது. நான் சேர்த்து வைத்த வாக்கியங்கள் எங்கோ போய்விட்டன. தலையைக் குனிந்துகொண்டு, தண்ணீர் விஷயத்தில் நான் செய்தது பிழை என்று தமிழிலேயே சொன்னேன். அவர் என் தோளில் தட்டினார். "போன வருஷம் வரைக்கும் நாங்களும் சப்பாத்து இல்லாமத்தான்" என்றார்.

அன்று மாலை அவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பவில்லை. கிண்ணியாக் காக்கா வீட்டிலிருந்து சோறும் சல்லியிலிருந்து மீன் குழம்பும் வந்தன. அந்த முதல் லீக்கில் நாங்கள் கடைசிக்கு முந்திய இடம். ஆனால் எல்லா ஆட்டங்களையும் ஆடி முடித்தோம். அடுத்த வருடமும் எங்கள் ஊருக்கு இடம் கிடைத்தது.

பிறகு எத்தனையோ ஆட்டங்களில் வென்றிருக்கிறேன், பலவற்றில் யார் கோல் போட்டார்கள் என்பதுகூட மறந்துபோயிற்று. ஆனால் வலிக்கிற விரல்களோடு ஒருவரைத் துரத்தித் தோற்ற அந்தப் பத்து நிமிடத்தை மறக்க முடியவில்லை. சும்மா கிடைத்த வெற்றியைத் தள்ளிவிட்டு, எங்களைக் களத்தில் நின்று முறையாகத் தோற்க விட்டாரே அந்த மனிதர், அதைவிடப் பெரிய மரியாதையை இதுவரை யாரும் எனக்குச் செய்ததில்லை.